சித்திரகவியும் அவதானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்னிருந்து படித்தாலும் அதே பாட்டு. உதடு ஒட்டாமல் சொல்லக்கூடிய பாட்டு. பாம்பு உருவத்துக்குள் அடங்கும் பாட்டு. ஒரே மேடையில் பல பேருடைய கேள்விகளை மனத்தில் வாங்கி, ஒன்றும் சிதறாமல் பதில் சொல்லும் மனிதர். தமிழில் இப்படி ஒரு உலகம் இருந்தது என்று பேச ஆரம்பித்தாலே, கேட்பவர்களிடமிருந்து அநேகமாக ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

சித்திரகவி என்றால் படம் போட்டு அதற்குள் எழுதுகிற பாட்டா?

அதுவும் உண்டு, அது மட்டும் இல்லை. பழைய மரபு புலமையை நான்காகப் பிரித்தது: ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம். கேட்டதும் பாடுவது ஆசு. இனிமையாகப் பாடுவது மதுரம். விரித்துப் பாடுவது வித்தாரம். எழுத்துகளின் இருப்பிடத்தையே கட்டுப்பாடாக வைத்துக்கொண்டு பாடுவது சித்திரம். சில சித்திரகவிகளைப் பாம்பு, தேர், தாமரை, வேல் போன்ற உருவங்களுக்குள் எழுதலாம். அவற்றுக்குப் பந்தம் என்று பெயர். மற்றவற்றில் உருவமே கிடையாது. சாதாரண நாலு வரிதான், ஆனால் உள்ளே ஒரு ஒழுங்கு ஓடிக்கொண்டிருக்கும்.

மொத்தம் எத்தனை வகை?

எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு ஒன்று இல்லை. அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் தன் சொல்லணிப் பகுதியில் பன்னிரண்டைப் பெயர் சொல்லித் தருகிறது. கோமூத்திரி, மாலைமாற்று, நாகபந்தம், காதைகரப்பு, சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம் எல்லாம் அதில் உள்ளவை. பின்னால் வந்த புலவர்கள் இன்னும் பலவற்றைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். பெயர்களை மனப்பாடம் செய்வதில் பெரிய பயன் இல்லை. நான்கைந்தை நன்றாகப் பார்த்துவிட்டால் மற்றவை தானாகப் பிடிபடும்.

மாலைமாற்று என்பது 'விகடகவி' மாதிரிதானே? அதில் என்ன பெரிய விஷயம்?

கொள்கை அதேதான். 'விகடகவி', 'தேரு வருதே' இரண்டும் பின்னிருந்து படித்தாலும் மாறாது. ஆனால் ஒரு சொல்லில் செய்வதும் ஒரு முழுப் பதிகத்தில் செய்வதும் ஒன்றல்ல. திருஞானசம்பந்தர் சீர்காழியைப் பாடிய மாலைமாற்றுப் பதிகத்தில் (மூன்றாம் திருமுறை, 117) பதினொரு பாட்டு இருக்கிறது. முதல் பாட்டு இது:

யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா
காணாகாமா காழீயா மாமாயாநீ மாமாயா

இரண்டாம் வரியின் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். யா, மா, மா, நீ, யா, மா, மா, யா... முதல் வரி அப்படியே வரும். வரிக்குப் பதினான்கு எழுத்து, எல்லாமே நெடில். ஒரு ஒற்றெழுத்துகூட இல்லை என்பதையும் கவனியுங்கள். வரி ஒற்றில் முடிந்தால், திருப்பும்போது ஒற்றில் தொடங்க வேண்டியிருக்கும். தமிழ்ச் சொல் ஒற்றில் தொடங்காது. அந்தச் சிக்கலுக்கே இங்கே இடம் வைக்கவில்லை.

அதற்கு நிஜமாகவே பொருள் இருக்கிறதா, இல்லை உரை எழுதினவர்கள் இழுத்துப் பிடித்துச் சொன்னதா?

நியாயமான சந்தேகம். மேலே உள்ள பாட்டை உரையாசிரியர்கள் இப்படிப் பிரிக்கிறார்கள்: யாம் ஆமா? நீ ஆம் ஆம். மாயாழீ! காமா! காண் நாகா! காணா காமா! காழீயா! மா மாயா! 'உயிர்களாகிய நாங்கள் கடவுள் ஆவோமா? நீதான் அது, நீதான் அது' என்று தொடங்கி, பெரிய யாழை உடையவனே, விரும்பத்தக்கவனே, எல்லோரும் காணப் பாம்பை அணிந்தவனே, மன்மதனைக் காணாமல் செய்தவனே, காழிக்குத் தலைவனே என்று அழைப்புகளாகப் போகிறது.

அழைப்புகளாக அமைத்ததில்தான் சூட்சுமம் இருக்கிறது. வினைமுற்றும் வேற்றுமை உருபும் அதிகம் தேவைப்படும் வாக்கியத்தைத் திருப்புவது கடினம். விளிகளை அடுக்கினால் இலக்கணம் குறுக்கே நிற்காது, பக்தியும் குறையாது. தொடக்கத்தில் வரும் அந்தக் கேள்வியும் பதிலும் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் எழுதியிருந்தாலும் நல்ல வரிதான். பதிகத்தின் மற்ற பாட்டுகளில் உரையின் துணை கூடுதலாகத் தேவைப்படும், அதை மறைக்க வேண்டியதில்லை.

நாலு பக்கமிருந்தும் படிக்கலாம் என்கிறார்களே, அது எப்படி?

அதுதான் சருப்பதோபத்திரம். எட்டுக்கு எட்டு, அறுபத்து நான்கு கட்டம். தண்டியலங்கார உரையில் வரும் எடுத்துக்காட்டு:

மா வா நீ தா தா நீ வா மா
வா யா வா மே மே வா யா வா
நீ வா ரா மா மா ரா வா நீ
தா மே மா ரா ரா மா மே தா

இந்த நான்கு வரியையும் எழுதி, அவற்றுக்குக் கீழே நான்காவது, மூன்றாவது, இரண்டாவது, முதல் வரி என்று திரும்ப எழுதுங்கள். இப்போது இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், எப்படிப் படித்தாலும் அதே பாட்டு.

ஒரு தாளில் கட்டம் போட்டுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். புலவர் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்க முடிந்தது பத்து இடங்களை மட்டுமே. அந்தப் பத்தை நிரப்பியதும் மீதி ஐம்பத்து நான்கு கட்டங்கள் தாமாக நிரம்பிவிடும். அந்தப் பத்திலும் வேறுபட்ட எழுத்துகள் ஏழுதான்: மா, வா, நீ, தா, யா, மே, ரா. தமிழில் இவை ஒவ்வொன்றும் தனிச் சொல்லாகவோ சொல்லின் துண்டாகவோ நிற்கக்கூடியவை, அதனால்தான் இது சாத்தியமாயிற்று. பொருள் காண உரைகாரரின் கையைப் பிடித்துத்தான் போக வேண்டும். இதைக் கவிதை என்று ரசிப்பதைவிட, ஒரு கட்டுமானம் என்று வியப்பதே சரி என்பது என் எண்ணம்.

'கோமூத்திரி' என்று பேரா? யாராவது கிண்டலுக்கு வைத்ததா?

கிண்டல் இல்லை. நடந்துகொண்டே மூத்திரம் பெய்யும் மாடு தரையில் விட்டுச் செல்லும் வளைந்து வளைந்து போகிற தடம்தான் அது. மாட்டு வண்டிப் பாதையில் நடந்தவர்கள் வைத்த பெயர், பார்த்ததை அப்படியே சொல்கிறது.

பாட்டின் முற்பாதியை மேலேயும் பிற்பாதியை நேர் கீழேயும் எழுத வேண்டும். மேல் வரியில் முதல் எழுத்து, கீழ் வரியில் இரண்டாம் எழுத்து, மறுபடி மேலே மூன்றாவது என்று வளைந்து படித்தாலும் அதே பாட்டு வரும். தண்டியலங்கார எடுத்துக்காட்டில் மேல் வரி 'பருவ மாகவி' என்று தொடங்குகிறது, கீழ் வரி 'மருவு மாசைவி' என்று தொடங்குகிறது. ரு, மா, வி மூன்றும் இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்கின்றன. ஒன்றுவிட்டு ஒன்று இப்படிப் பொதுவாக இருந்தால் போதும், தடம் மாறினாலும் பாட்டு மாறாது.

பாம்புக்குள் எழுதுகிற பாட்டை ஓவியர் வரைந்தாரா, புலவர் வரைந்தாரா?

யார் வரைந்தாலும், உருவம் பாட்டோடு கூடவே பிறக்க வேண்டும். நாகபந்தத்தில் இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டிருக்கும். ஒன்றில் நேரிசை வெண்பா, மற்றதில் இன்னிசை வெண்பா. உடல்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கும் எழுத்து இரண்டு பாட்டுக்கும் பொது. எனவே எங்கே எந்த எழுத்து வர வேண்டும் என்பதைப் படம் முன்கூட்டியே தீர்மானித்துவிடும். வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறவர் முதலில் புள்ளியை வைத்துவிட்டுக் கோட்டை இழுப்பதுபோல, வெட்டும் எழுத்துகளை முதலில் வைத்துவிட்டு மற்றதை நிரப்ப வேண்டும்.

இந்த வகை முற்றிலும் அழிந்துவிடவில்லை. 1929இல் மறைந்த பாம்பன் சுவாமிகள் வேல், மயில், தாமரை, தேர் என்று பல பந்தங்கள் பாடினார். வேல் வடிவத்துக்குள் அமையும் அவருடைய சஸ்திர பந்தத்தை முருக பக்தர்கள் இன்றும் பாராயணம் செய்கிறார்கள். 'வாபாதந் தாவேலவா' என்று முடியும் அந்த வெண்பாவைத் தினமும் சொல்லும் பலருக்கு, தாங்கள் சொல்வது சித்திரகவி என்பதே தெரியாது.

ஒரே எழுத்தில் முழுப்பாட்டு என்பது உண்மையா?

உண்மை. காளமேகப் புலவர் பெயரில் வழங்கும் இந்த வெண்பாவில் தகர வரிசையைத் தவிர வேறு எதுவும் இல்லை:

தத்தித்தா தூதுதி தாதூதித் தத்துதி
துத்தித் துதைதி துதைத்ததா தூதுதி
தித்தித்த தித்தித்த தாதெது தித்தித்த
தெத்தாதோ தித்தித்த தாது

கண்ணுக்கு மிரட்டலாகத் தெரிந்தாலும் பிரித்துப் படித்தால் எளிது. வண்டைப் பார்த்துப் பேசுகிறார். தத்திச் சென்று பூந்தாதை ஊதுகிறாய், ஊதிவிட்டு மறுபடி தத்திப் போகிறாய், முரன்றுகொண்டே இன்னொரு பூவை நெருங்கி அதன் தாதையும் ஊதுகிறாய். தித்தித்த தாது எது? உனக்குத் தித்தித்தது எந்தத் தாது? மேலே பார்த்த சருப்பதோபத்திரத்தை நான் கட்டுமானம் என்றேன். இது அப்படி இல்லை. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், வண்டின் தத்தலே ஓசையாகக் கேட்கும். கட்டுப்பாடும் பொருளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இடங்களில் இதை முதலில் வைப்பேன்.

உதடு ஒட்டாத குறள் ஒன்று இருக்கிறதாமே, அது சித்திரகவியா?

'யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்' என்ற 341ஆம் குறளைத்தான் சொல்கிறீர்கள். ப, ம, வ மூன்றும் அதில் இல்லை. ஆகவே உதடுகள் ஒட்டாது என்பது சரி. ஆனால் நிரோட்டகம் எனப்படும் உதடு ஒட்டாப் பாட்டின் கடுமையான விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது: உதடு ஒட்டவும் கூடாது, குவியவும் கூடாது. அதாவது உ, ஊ, ஒ, ஓ, ஔ ஓசைகளும் விலக்கு. 'நோதல்' என்ற சொல்லில் ஓகாரம் வருகிறது, உதடு குவிந்துவிடுகிறது. எனவே அந்த விதிப்படி இது நிரோட்டகம் ஆகாது. பற்றை விட்டவனுக்கு வலி இல்லை என்று சொல்லும் குறளில் உதடுகளும் ஒட்டவில்லை என்று மேடைகளில் சொல்வார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வள்ளுவர் அப்படித் திட்டமிட்டார் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

முழு விதியோடு ஒரு நூலே பாடியவர் சிவப்பிரகாச சுவாமிகள். திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதியில் உதட்டு விதியோடு, ஒவ்வொரு பாட்டின் நான்கு அடிகளும் ஒரே எழுத்துத் தொடரில் தொடங்கி ஒவ்வொரு முறையும் வேறு பொருள் தர வேண்டும் என்ற யமக விதியும் சேர்ந்துகொள்கிறது. தம் ஆசிரியருடைய எதிரி ஒருவரைப் போட்டியில் வெல்லப் பாடியது என்று கதை உண்டு.

எழுகூற்றிருக்கை என்று கோயில்களில் கேள்விப்பட்டிருக்கிறேன். அதில் ஏழு எங்கே இருக்கிறது?

எண்களில் இருக்கிறது. ஒன்று, இரண்டு, ஒன்று. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று. இப்படி ஒவ்வொரு கூற்றிலும் ஒரு எண் ஏறி, ஏழுவரை போய் இறங்கும். திருமங்கையாழ்வார் குடந்தை ஆராவமுதனைப் பாடியது 'ஒருபேருந்தி இருமலர்த் தவிசில் ஒருமுறை அயனை ஈன்றனை' என்று தொடங்குகிறது. ஒரு, இரு, ஒரு என்று முதல் கூற்று முடிந்துவிட்டது. அடுத்ததில் ஒருமுறை, இருசுடர், மும்மதிள் இலங்கை, இருகால், ஒருசிலை. மும்மதிள் சூழ்ந்த இலங்கையின் மேல் வில்லை இரண்டு முனையும் வளைத்தான் என்ற இராமகதை, எண் இறங்குகிற வேகத்திலேயே நடந்து முடிகிறது.

இந்த எண்களை வரிவரியாக அடுக்கினால் தேர் உருவம் கிடைக்கும். அந்த ஆராவமுதன் இருக்கும் கும்பகோணம் சாரங்கபாணி கோயிலின் கருவறையே சக்கரங்களும் குதிரைகளும் யானைகளும் கொண்ட கல் தேராக இருக்கிறது. அங்கே நின்று இந்தப் பாட்டைப் படிப்பது தனி அனுபவம். சம்பந்தரும் சீர்காழிக்கு ஒன்று பாடியிருக்கிறார், அருணகிரிநாதர் சுவாமிமலைக்கு ஒன்று பாடியிருக்கிறார்.

இதெல்லாம் வெறும் வித்தைதானே? உண்மையான கவிஞனுக்கு இது எதற்கு?

பல சித்திரகவிகளைப் பொறுத்தவரை இந்தக் குற்றச்சாட்டு சரி. கட்டத்தை நிரப்பவே சொல்லைப் போட்டு, அகராதியில் மட்டும் வாழும் அர்த்தத்தை அதன் தலையில் கட்டியவை ஏராளம். ஆனால் காளமேகத்தின் வண்டையும் திருமங்கையாரின் தேரையும் பார்த்த பிறகு மொத்தத்தையும் தள்ளிவிட எனக்கு மனம் வராது. எதுகையும் தளையும்கூடக் கட்டுப்பாடுகள்தான். வெண்பாவை ஏற்றுக்கொண்டு மாலைமாற்றை மட்டும் வித்தை என்றால், கோட்டை எங்கே போடுவது?

அதோடு, இவை மொழியைத் திறந்து காட்டுகின்றன. ஓரெழுத்துச் சொற்கள் தமிழில் எத்தனை, சொற்கள் எங்கே பிரியும், எங்கே ஒட்டும், எந்த ஓசை எந்த உறுப்பில் பிறக்கிறது என்பதெல்லாம் இலக்கணப் பாடத்தில் விதியாக வரும். இங்கே அவை வேலை செய்வதைப் பார்க்கிறோம்.

அவதானம் என்பது ஞாபகசக்தி நிகழ்ச்சியா?

நினைவு அதில் ஒரு பாதி. மறுபாதி, கவனத்தைப் பிரித்துக்கொண்டே படைப்பது. அவதானியைச் சுற்றிப் பலர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் ஒரு வாக்கியத்தின் எழுத்துகளை முன்பின்னாக, இடையிடையே சொல்லிக்கொண்டிருப்பார். ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் நினைத்த நேரத்தில் மணி அடிப்பார், இன்னொருவர் முதுகில் அவ்வப்போது சிறு கல்லையோ பூவையோ எறிவார். முடிவில் பாட்டும் முழுதாக வர வேண்டும், வாக்கியமும் வரிசையாக வர வேண்டும், மணி எத்தனை, கல் எத்தனை என்றும் சொல்ல வேண்டும். எட்டு என்றால் அட்டாவதானம், பத்து என்றால் தசாவதானம், பதினாறு சோடசாவதானம், நூறு சதாவதானம்.

நூறையும் ஒரே நேரத்தில் செய்ய முடியுமா? நம்பவே முடியவில்லையே.

ஒரே நொடியில் நூறு பதில் என்று நினைத்தால் நம்ப முடியாதுதான். நடப்பது வேறு. கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வரும். தெலுங்கு அவதானத்தில் இன்றும் இதைக் காணலாம். அவதானி முதல் சுற்றில் ஒவ்வொருவருக்கும் பாட்டின் ஓரடியை மட்டும் சொல்வார். இரண்டாம் சுற்றில் விட்ட இடத்திலிருந்து அடுத்த அடி. நான்கு சுற்று முடிந்ததும் எல்லாப் பாட்டுகளையும் முழுமையாக ஒப்பிப்பார். அதற்குத் தாரணை என்று பெயர். பாதியில் விட்ட வேலைகள் எத்தனை இருந்தாலும் ஒவ்வொன்றையும் விட்ட இடத்திலேயே பிடிப்பதுதான் இதில் உள்ள அருமை.

தமிழில் நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் செய்து காட்டினார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. சீறாப்புராணத்துக்கு உரை எழுதியவர், வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்று ஆதரித்து மேடைகளில் வாதாடியவர். எதிர்ப்பக்கம் நின்று வாதாடிய யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளையும் ஒரு சதாவதானி என்பது அந்தக் காலத்தின் செழிப்பைச் சொல்லும். பாவலருக்கு 2008இல் அஞ்சல்தலை வந்தது. அப்படியும் பெயரைச் சொன்னால் 'யார் அவர்?' என்று கேட்பவர்களே அதிகம். எனக்கு வருத்தம் தருவது அதுதான்.

'துருக்கனுக்கு ராமன் துணை' என்ற கதை அவரைப் பற்றியதுதானா?

ஆமாம், அவர் பெயரில்தான் சொல்லப்படுகிறது. அவர் முஸ்லிம் என்பதால் சங்கடப்படுத்த நினைத்த ஒருவர், 'துருக்கனுக்கு ராமன் துணை' என்று முடியும்படி வெண்பா கேட்டாராம். பாவலர் மூன்றாம் அடியில் பரதனையும் லட்சுமணனையும் கொண்டுவந்து, அடியின் கடைசிச் சீரில் 'சத்' என்று நிறுத்தினார். அடுத்த அடியோடு சேர்ந்ததும் அது 'சத்துருக்கனுக்கு ராமன் துணை' ஆகிவிட்டது. கொடுத்த ஈற்றடியில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

மேடைக் கதைகள் சொல்லச் சொல்ல மெருகேறும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். என்றாலும், சொல் பிரியும் இடத்தை மாற்றிப் பொருளையே மாற்றும் இந்த உத்தி மேலே மாலைமாற்றில் பார்த்த அதே உத்திதான். அவதானிகள் சித்திரகவியில் பழகியவர்கள் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

தெலுங்கில் இருக்கிறது, தமிழில் ஏன் போய்விட்டது?

அடியோடு போகவில்லை. 'கவனகம்' என்ற பெயரில், குறிப்பாகத் திருக்குறளை வைத்து, மேடை ஏறியவர்கள் பின்னாலும் இருந்தார்கள். ஆனால் அதை ஆதரித்த சமஸ்தானங்களும் ஜமீன்களும் சுருங்கின. யாப்பில் பேசுவதுபோலப் பாடும் பயிற்சி புலவர் குடும்பங்களிலும் மடங்களிலும் தேய்ந்தது. உரைநடையும் புதுக்கவிதையும் வந்து, சித்திரகவி என்றாலே பழைய பஞ்சாங்கம் என்ற எண்ணம் பரவியது. தெலுங்கில் யாப்பில் பாடும் கவிதைக்குக் கூட்டம் சேர்வது இன்னும் நிற்கவில்லை. ரசிகர்கள் இருந்தால் கலை இருக்கும்.

சம்பந்தர் பாட்டைக் கணினியில் திருப்பிப் பார்த்தேன், தப்பாக வந்ததே?

தப்பு பாட்டில் இல்லை. நமக்கு 'கா' ஒரு எழுத்து. ஒருங்குறியில் அது 'க' என்ற குறியும் துணைக்கால் குறியும் சேர்ந்த இரண்டு. சாதாரண நிரல் குறிகளைத் திருப்பும்போது துணைக்கால் தன் எழுத்தை விட்டு வேறு எழுத்தின் பக்கத்தில் போய் உட்காரும். முதலில் உயிர்மெய்களை முழு எழுத்தாகப் பிரித்து, பிறகு அந்தப் பட்டியலைத் திருப்ப வேண்டும். சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளையும் நீக்கிவிடுங்கள். அவை அச்சுக்காக வந்தவை, மாலைமாற்றின் பகுதி இல்லை.

நானும் ஒன்று எழுதிப் பார்க்கலாமா? எங்கே தொடங்குவது?

தாராளமாக. மாலைமாற்றை முதல் எழுத்திலிருந்து தொடங்காதீர்கள், நடுவிலிருந்து தொடங்குங்கள். 'விகடகவி'யின் நடு 'ட'. அதன் இரண்டு பக்கமும் 'க', அதற்கு வெளியே 'வி'. இப்படி நடுவில் ஒரு எழுத்தை வைத்து இருபுறமும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். ஒற்று வேண்டாம். வா, போ, தா, நீ, மா, பூ, தீ போன்ற ஓரெழுத்துச் சொற்களைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விளிகளும் கட்டளைகளும் எளிதாகத் திரும்பும் என்பதைச் சம்பந்தரிடம் பார்த்தோம்.

நிரோட்டகம் என்றால் ஒரு வாக்கியம் எழுதிவிட்டுக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள், உதடு காட்டிக்கொடுத்துவிடும். எழுகூற்றிருக்கையில் மூன்றுவரை ஏறி இறங்கும் இரண்டு கூற்று போதும், உங்கள் தெருவைப் பற்றியே எழுதலாம். சருப்பதோபத்திரத்தை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அந்தப் பத்துக் கட்டத்தை மட்டும் யோசித்தால் போதும்.